ஹூஸ்டன் நாசா மையம்: வேன்காரர் காட்டியதும் நாங்களே போய்ப் பார்த்ததும்

மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்துப் போட்டுவிட்டு, சித்திரை கடைசியில் நானும் வீட்டுக்காரியும் பேரளத்திலிருந்து கிளம்பினோம். கத்திரி வெயிலுக்குத் தப்பிக்கலாம் என்று ஒரு நினைப்பு. இறங்கின அன்றைக்கே தெரிந்துவிட்டது, அங்கேயும் நாகப்பட்டினத்துப் புழுக்கம்தான். கடலோரத்துத் தட்டை நிலம், மழை பெய்தால் தண்ணீர் வடிய இடமில்லை, சாயங்காலமானால் கொசு. 2017-ல் ஹார்வி புயல் இந்த ஊரையே முழுக அடித்ததாம். மாப்பிள்ளை அதைச் சொன்னபோது நான் 2018 கஜாவைச் சொன்னேன், ராத்திரி பதினோரு மணி வரை அந்தப் பேச்சே ஓடியது.

கிளம்புகிற அன்று பெரியப்பா ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். எண்பத்திநான்கு வயது, கையில் போன் வந்ததிலிருந்து உலகச் செய்தி முழுக்க அவரிடம்தான். "டேய், நாசா இருக்கிற ஊருக்குத்தானே போறே. திருநள்ளாறு சனி பகவான் கோயிலுக்கு நேர் மேலே வந்தா சேட்டிலைட்டெல்லாம் மூணு நொடி நின்னு போகுதாமே. அதை அங்கேயே கேட்டுட்டு வந்துடு." இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் எத்தனை வருஷமாகச் சுற்றுகிறது என்று உங்களுக்கும் தெரியும். சரி பெரியப்பா என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

முதல் தடவை போனது தண்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய பேர் அப்படித்தான் போய்விட்டு வந்து "ஒண்ணும் இல்லப்பா, பொம்மைக் கடை மாதிரி இருக்கு" என்கிறார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்று லீவு கிடைக்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று ஒரு சுற்றுலா வேனில் எங்களை ஏற்றிவிட்டார்கள். பெயர் வேண்டாம். காலை ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி பத்தரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு சாமான் கடையில் அரை மணி நேரம் நிறுத்தி (ஆண்டவன் எங்கே போனாலும் டூரிஸ்ட் வண்டிக்கு ஒரே ஜாதகம்தான் எழுதியிருக்கிறான்), மையத்து வாசலில் விடும்போது மணி பன்னிரண்டரை. மூன்றரைக்குத் திரும்ப வாசலுக்கு வந்துவிட வேண்டும். டிராம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டும் என்ற விவரத்தை வேன்காரர் சொல்லவே இல்லை. முன்கூடத்திலேயே மூன்று மணி நேரமும் போய்விட்டது. முன்கூடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது, அவர்கள் ஏறி இறங்கி விளையாட எல்லாம் இருக்கிறது, அவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கு வயது அறுபத்திரண்டு. திரும்பும்போது வேன்காரர் டிப்ஸ் பெட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டினார்.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, நீங்க பார்க்கவே இல்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுறேன்" என்றார். இனிமேல் எழுதுவதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான்.

ஊருக்கு நடுவிலிருந்து தென்கிழக்கே 40 கிலோமீட்டர். வண்டி நிறுத்தத் தனிக் காசு, நாங்கள் போனபோது நுழைவுக்கு ஒரு ஆளுக்கு முப்பது டாலர் வாக்கில், அதற்கு மேல் மிஷன் கண்ட்ரோல், அதாவது விண்வெளிப் பயணங்களைத் தரையிலிருந்து நடத்திய கட்டுப்பாட்டு அறை, பார்க்கத் தனிக் கட்டணம். முதல் நாளே இணையத்தில் போட்டுவிட வேண்டும், அந்த டிராமில் இடம் குறைவு. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பெருக்கினேன், வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு விஷயம் புரிந்துகொண்டு போனால் நல்லது. நாம் சீட்டு வாங்கி நுழைகிற இடம் 1992-ல் திறந்த பார்வையாளர் மையம். நாசா ஆட்கள் வேலை செய்கிற ஜான்சன் விண்வெளி மையம் அதற்குப் பின்னால், மொத்தம் 1,620 ஏக்கர், நம்ம கணக்கில் 240 வேலிக்கு மேல். உள்ளே டிராமில்தான் போக முடியும். தண்டவாளமெல்லாம் கிடையாது, இழுவை வண்டிக்குப் பின்னால் திறந்த பெட்டிகளைக் கோத்திருக்கிறார்கள், கரும்பு ஏற்றின டிராக்டர் டிரெய்லர் ஞாபகம் வந்தது. அந்த டிராமில் ஏறினால்தான் நாசா. ஏறாவிட்டால் நீங்கள் பார்த்தது வாசல் திண்ணை.

காலையிலேயே மிஷன் கண்ட்ரோலுக்கு ஏறிவிட்டோம். அந்தக் கட்டடத்தில் 87 படி ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் முன்னாலேயே சொல்லி என்ன வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி சுவாமிமலைக்கு நேர்ந்துகொண்டு ஏறுகிறவள், "அறுபது வருஷத்துக்கு அறுபது, இருபத்தேழு நட்சத்திரத்துக்கு இருபத்தேழு, கணக்கு சரியா இருக்கு" என்று எண்ணிக்கொண்டே ஏறிவிட்டாள்.

மேலே ஒரு சின்ன அரங்கம். நாற்காலிகள் பழைய காலத்து சினிமாக் கொட்டகை முதல் வகுப்பு மாதிரி, முன் நாற்காலியின் முதுகிலேயே ஆஷ்ட்ரே. நிலவில் இறங்குகிற அன்று குடும்பத்தாரும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பார்த்த அதே கூடம் இது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அறை. பச்சைச் சாயம் அடித்த மேசைகள் நான்கு வரிசை, டயல் போன், ஹெட்போன், பாதி குடித்த மாதிரி காப்பிக் கோப்பை, சிகரெட் பாக்கெட், தடித்தடியான ஃபைல். ஆள் மட்டும் இல்லை. எல்லாரும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்பது போல இருந்தது.

1965-ல் ஜெமினி 4 பயணத்தில் தொடங்கி 1992 வரை இந்த அறை வேலையில் இருந்தது. அப்புறம் சும்மா கிடந்து பழசாகி, மனிதனை முதன்முதலில் நிலவில் இறக்கிய அப்போலோ 11-இன் ஐம்பதாம் ஆண்டுக்காக 2019-ல் அன்றைக்கு இருந்த மாதிரியே திரும்ப அமைத்திருக்கிறார்கள், தரைவிரிப்பு, சுவர்த்தாள் வரை. பணம் யார் கொடுத்தது தெரியுமா? பெரும்பங்கு, பக்கத்தில் இருக்கிற வெப்ஸ்டர் என்ற சின்ன ஊரின் நகர நிர்வாகம், 30 லட்சம் டாலருக்கு மேல். ஊர்க் கோயில் குடமுழுக்குக்கு வரி போட்டுக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு 1969 ஜூலை 20-ஐ ஓட்டிக் காட்டுகிறார்கள். எதிரே பெரிய திரை, மேசைத் திரைகளெல்லாம் மினுங்குகின்றன, அன்றைக்குப் பேசிய குரல்கள் அப்படியே கேட்கின்றன. இறங்க இன்னும் சில நிமிஷம் இருக்கும்போது கப்பலில் இருந்த கம்ப்யூட்டர் 1202 என்று அபாய எண் காட்டுகிறது. வேலை மிஞ்சிப்போய்விட்டது என்று அந்த இயந்திரம் கத்துகிறது. இறங்கலாமா, திரும்பலாமா? முடிவு சொல்ல வேண்டிய மேசையில் இருந்தவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. இறங்கலாம் என்றார். தலைமை தாங்கிய ஜீன் கிரான்ஸுக்கு 35. மற்றவர்களிலும் நிறைய பேர் முப்பதைத் தொடாத பிள்ளைகள். இருபத்தாறு வயதில் நான் வாய்க்கால் மடையை எந்தப் பக்கம் வெட்டுவது என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு கோடி ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையன் சில நொடிக்குள் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷ் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் அந்தக் குரல்களில் இருந்த பதற்றத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "ஹூஸ்டன்" என்று கூப்பிட்டுத்தான் இறங்கிவிட்ட செய்தியை ஆம்ஸ்ட்ராங் சொல்கிறார். அந்த வார்த்தை வந்து விழுந்த அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மட்டும் இன்னொரு முறை காசு கொடு என்றால் கொடுப்பேன்.

டிராமில் ராக்கெட் பூங்காவுக்குப் போகிற வழியில் ஒரு மரத்தோப்பு. இறந்துபோன விண்வெளி வீரர்களுக்காக ஆளுக்கொரு மரம் நட்டிருக்கிறார்கள், 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடத்தோடு போன கல்பனா சாவ்லாவுக்கும் ஒன்று. பேச்சு கொஞ்சம் நின்றது. அதைத் தாண்டினால் மாடுகள்! நிஜ மாடுகள், ராக்கெட்டுக்குப் பக்கத்து மேய்ச்சலில். லாங்ஹார்ன் என்கிற டெக்சாஸ் ஜாதி, இரண்டு பக்கமும் ஆள் கையை விரித்த மாதிரி கொம்பு. நம்ம உம்பளச்சேரி மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுகிற வழக்கம், இவர்கள் கொம்புக்காகவே வளர்க்கிறார்கள் போல. நாசா வருவதற்கு முன்னால் இந்த இடமே மேய்ச்சல் காடுதானாம்.

அப்புறம் சாட்டர்ன் ஃபைவ், நிலவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட். வெளியிலிருந்து பார்த்தால் நெல் குடோன் மாதிரி நீளமான தகரக் கொட்டகை, ஒன்றும் எதிர்பார்க்கத் தோன்றாது. உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராக்கெட்டைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள், முழு நீளம் 363 அடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அந்த விமானத்தைப் படுக்க வைத்து, அதன் தலைமாட்டில் இன்னொரு முக்கால் விமானத்தை வைத்தால்கூட இது கிட்டத்தட்ட அவ்வளவுக்கு வந்துவிடும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க எங்களுக்கு கால் மணி நேரம் ஆனது, நின்று நின்று போனதால். அடியில் ஐந்து எஞ்சின், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஆள் நிற்கலாம். கிளம்பும்போது ஐந்தும் சேர்ந்து ஒரு நொடிக்குச் சுமார் 13 டன் எரிபொருளும் ஆக்சிஜனும் குடிக்குமாம். நாற்பது கிலோ சிப்பத்தில் போட்டால் 325 சிப்பம். ஒரு நொடிக்கு! கொள்முதல் நிலையத்தில் 325 சிப்பம் எடை போட்டு ஏற்ற எத்தனை நாள் காத்துக் கிடந்திருக்கிறோம். அடிப்பகுதியின் வேலையே மொத்தம் இரண்டரை நிமிஷம்தான், அதோடு கழன்று கடலில் விழுந்துவிடும்.

உலகத்தில் இந்த ராக்கெட் இப்போது மூன்றுதான் மிச்சம். அதில் எல்லா அடுக்கும் பறப்பதற்கென்றே செய்யப்பட்டது இது ஒன்றுதான். கடைசி நிலவுப் பயணங்களை ரத்து செய்துவிட்டதால் பறக்காமலே நின்றுவிட்டது. 1977-லிருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கிறது, துருப்பிடித்து, பாசி படிந்து. அப்புறம்தான் கொட்டகை போட்டுச் சீர் செய்தார்கள். தார்ப்பாய் இல்லாமல் நெல்லை நனைய விடுகிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அப்படி ஆறுதல் படக்கூடாதுதான்.

சாட்டர்ன் என்றால் சனி என்று மாப்பிள்ளை சொன்னதும் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றப் போனாள். தடுத்துவிட்டோம்.

அங்கேதான் பெரியப்பா வேலையும் முடிந்தது. ராக்கெட்டின் நடுவில் தொப்பி போட்ட ஒரு வயதான தொண்டர் நின்றுகொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வெட்கம், "மாமா, வேண்டாமே" என்று இழுத்தார். நான் விடவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டு, அந்தக் கோயில் எவ்வளவு பழசு என்று விசாரித்துவிட்டு, ஒரு கணக்குச் சொன்னார். விண்வெளி நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் மூன்று நொடியில் எவ்வளவு தூரம், உன் ஊர்ப்பக்கத்தில் அது எங்கிருந்து எங்கே என்று நீயே போட்டுப் பார் என்றார். போட்டேன். 23 கிலோமீட்டர். பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் போகிற ரயில் பாதை இருக்கிறதே, அதன் முழு நீளம்! அவர்கள் நிற்கிறது என்று சொல்கிற மூன்று நொடியில் அது எங்கள் ஊரில் ஏறிக் காரைக்காலில் இறங்கிவிடுகிறது. அந்த வேகம் இருப்பதால்தான் அது விழாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நின்றால் விழ வேண்டியதுதான். நிற்கிற மாதிரியே தெரிகிற சேட்டிலைட்டும் உண்டு, அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றுகிற வேகத்துக்குச் சரியாகச் சுற்றுகிறது. ஆனால் அது நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் அப்படி நிற்க முடியும், திருநள்ளாறுக்கு மேலே முடியாது. மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா ஆடாமல் அசையாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். இத்தனை வருஷமாக மாடிக்கு வடகம் காயவைக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் காருக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டோம், உருளைக்கிழங்கு வறுவலோடு. வண்டிக்குள் நல்லெண்ணெய் வாசனை இரண்டு நாள் போகவில்லை என்று மகள் அப்புறம் சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்தோம். வெளியே ஒரு 747 விமானம், அதன் முதுகில் ஒரு விண்வெளி ஓடம் உட்கார்ந்திருக்கிறது. ஓடம் மாதிரி உருவம்தான், ஆனால் கீழே இருக்கிற விமானம் ஓடங்களை ஊர் விட்டு ஊர் நிஜமாகவே சுமந்தது. இரண்டுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். பக்கத்திலேயே ஒரு பால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதி, 2017-ல் இரண்டு தடவை பறந்து திரும்பி வந்தது, கரி படிந்த உடம்போடு அப்படியே. காலையில் கடலில் விழுந்து வீணாகிற ராக்கெட், மத்தியானம் திரும்பி வந்து நிற்கிற ராக்கெட். இந்த வரிசையிலேயே நீங்களும் பாருங்கள்.

உள்ளே அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பேசிய போடியம் இருக்கிறது. 1962 செப்டம்பர் 12, நிலவுக்குப் போகிறோம் என்று ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேசியபோது அவர் முன்னால் இருந்தது. ரைஸ் பல்கலைக்கழகம் என்றதும் நான் நம்ம ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் மாதிரி ஏதோ என்று நினைத்து, எந்த ரகம் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டேன். ரைஸ் என்பது பணம் கொடுத்த வியாபாரியின் பெயராம். மாப்பிள்ளை இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனாலும் நாசாவுக்கு முதல் 1,000 ஏக்கர் அந்தப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் வந்ததாம், ஆக எப்படியோ ரைஸ் நிலம்தான்.

அப்போலோ 17 வீரர்கள் 1972 டிசம்பரில் திரும்பி வந்த கூண்டு அங்கே இருக்கிறது, அடிப்பக்கம் தீய்ந்து கருகி. மூன்று ஆள் இதற்குள் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதுதான் முதலில் தோன்றும், நம்ம மினி பஸ்ஸில் டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கிற இடம்கூட இல்லை. அவர்களுக்குப் பிறகு இன்னும் ஒரு மனிதரும் நிலவில் கால் வைக்கவில்லை.

கடைசியாக நிலாக் கல். ஆறு பயணத்தில் கொண்டுவந்தது மொத்தம் 382 கிலோ, நம்ம கணக்கில் பத்துச் சிப்பம் தேறாது, பெரும்பகுதி இந்த வளாகத்திலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்னச் சில்லைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். விரல் நுழைகிற சின்ன இடம், கல் கறுப்பாக, வழவழவென்று, தொட்டுத் தொட்டு அம்மி மாதிரி தேய்ந்திருக்கிறது. வயது 300 கோடி வருஷத்துக்கு மேல். எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, கல்தானே என்று கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரி தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "திங்களூர் சந்திரன் கோயிலுக்குப் போனா கும்பிட்டுத்தான் வர முடியும், இங்கே தொடவே விடுறாங்க" என்றாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அவளைப் பார்த்து அதே மாதிரி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அதன் அம்மாவும். வரிசையில் அதற்குப் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை, நாங்கள் நகர்ந்துவிட்டோம்.

கடையில் வாங்க ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன், விலை பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்வெளி ஐஸ்கிரீம் என்று காய்ந்த பொட்டலம் ஒன்று விற்கிறார்கள், பெரியப்பாவுக்காக வாங்கினேன். வாயில் போட்டால் கல்யாணப் பூந்தியில் சர்க்கரை அடி தங்கியிருக்குமே, அந்த மாதிரி.

நடக்கிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், புதுசு வேண்டாம். காலை பத்து மணிக்கு வாசலில் இருங்கள். அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முன்கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நேரே டிராமுக்குப் போங்கள், மிஷன் கண்ட்ரோலும் சாட்டர்னும் போதும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கணக்கு நடக்காது, அவர்கள் முன்கூடத்தை விட்டு வரமாட்டார்கள், அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, அதை அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும். வேனில் மட்டும் போகவே போகாதீர்கள்.

ஊருக்குத் திரும்பினதும் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் சொன்னேன். மூன்று நொடி, 23 கிலோமீட்டர், காரைக்கால் ரயில் பாதை, டிஷ் ஆன்டெனா. ஐஸ்கிரீமை மென்றுகொண்டே கேட்டார், தலையை ஆட்டினார். "ஆக அவங்களுக்கு நம்ம கோயிலைப் பத்தித் தெரிஞ்சிருக்கு" என்றார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் குடும்பக் குழுவில் அதே பழைய செய்தி வந்து விழுந்தது, அடியில் புதிதாக ஒரு வரியோடு: நாசாவுக்கு நேரில் சென்று விசாரித்து வந்தவர் நம் பேரளத்து அன்பர்.